இலக்குக்குப் பின்னால் யார்?

கேள்வி: கொல்லிமலை வாழவந்திநாட்டில் மிளகும் காப்பியும் விவசாயம் செய்கிறேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ஆடி மாதம் நடந்த வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியைப் பார்த்ததிலிருந்து, தானும் குறி பார்க்கப் பழக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கோடை விடுமுறையில் கீழே உறவினர் வீட்டில் தங்கவைத்து, அங்குள்ள ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குச் சேர்த்தோம். மூன்றாம் நாள், இலக்கு அட்டையை மாற்ற ஒருவர் முன்னால் போயிருந்த நேரத்தில், இவள் மேசைமேல் இருந்த துப்பாக்கியைத் தொட்டுவிட்டாள். அதில் பெல்லட் கிடையாது. ஆனாலும் எல்லோர் முன்னாலும் கத்தி, அன்று முழுக்க வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். அழுதுகொண்டே வந்தாள். இது நியாயமா? இன்னொன்று, எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு வில் பழக ஊரிலேயே ஓர் இடம் ஒதுக்கலாம் என்றிருக்கிறோம். என்னென்ன விதிகள் வேண்டும்? நாட்டுத் துப்பாக்கியையும் அங்கேயே வைத்துச் சுட்டுப் பழகலாம் என்று சிலர் சொல்கிறார்கள். உங்கள் யோசனை என்ன?

பதில்: உங்கள் மகளைத் தடுத்தது நியாயம். நாள் முழுக்க வெளியே உட்காரவைத்தது தேவையில்லாதது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்காதீர்கள்.

சுடுதளத்தில் "ஸ்டாப்" என்று கத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு. தளப் பொறுப்பாளர்தான் கத்த வேண்டும் என்பதில்லை. அன்றைக்குச் சேர்ந்த சிறுமி கத்தினாலும், இருபது வருடம் சுட்டவர் உடனே விரலை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை வைத்துவிட வேண்டும். என்ன ஏது என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். காதில் காப்பு மாட்டியிருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்பதால் அந்தச் சத்தம் பெரிதாகத்தான் இருக்கும். பழகாத பிள்ளைக்கு அது திட்டுவதுபோலத் தோன்றும். அப்படித் தோன்றாமல் இருக்க, சேர்ந்த முதல் நாளே, துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே, அந்தச் சொல்லையும் அதன் காரணத்தையும் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் நாள்வரை அவளுக்கு அது தெரியவில்லை என்றால் பயிற்சி கொடுத்தவர் பக்கம்தான் குறை. தவறு நடந்ததும் தனியாக அழைத்து இரண்டு நிமிடம் விளக்கிவிட்டு, மறுபடியும் சுடும் கோட்டில் நிறுத்தியிருந்தால் அந்தப் பாடத்தை அவள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டாள்.

பெல்லட் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது இப்போது உங்களுக்குத் தெரியும். அட்டைக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றவருக்கு அப்போது தெரியாது. ஆள் முன்னால் போயிருக்கும் நேரத்தில் எவர் கையும் எந்தத் துப்பாக்கிமேலும் படக்கூடாது என்ற விதி அவருக்காக ஏற்பட்டது. பெல்லட் இருக்கிறதா, இல்லையா என்பதை அந்த விதி கேட்பதே இல்லை. துப்பாக்கி உலகில் நடந்த எத்தனையோ சாவுகளுக்குப் பிறகு சுட்டவர் சொன்ன முதல் வாக்கியம் "காலி என்று நினைத்தேன்" என்பதுதான். நான் கற்ற காலத்தில், எங்கள் எல்லோரையும்விட மூத்தவர் ஒருவர் காலி என்று உறுதியாகச் சொல்லி விசையை அழுத்தினார். குண்டு தரையைத் துளைத்தது. யாருக்கும் அடியில்லை. காரணம், அப்போதும் அவர் குழல் முனையைத் தரையை நோக்கியே பிடித்திருந்தார். ஒரு விதியை மறந்தவரை இன்னொரு விதி காப்பாற்றியது.

ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் இந்தப் பழக்கங்களை நான்கு விதிகளாகத் தொகுத்தார். உலகம் முழுக்கத் துப்பாக்கி பழகுபவர்கள் ஏதோ ஒரு வடிவில் அவற்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே பாவிக்க வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல் முனை ஒரு நொடிகூடத் திரும்பக்கூடாது. குறி இலக்கில் படியும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்கு என்ன, அதற்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் சுடக்கூடாது. இவற்றில் முதல் மூன்றும் கையைப் பற்றியவை. பழகப் பழகக் கையில் ஏறிவிடும். நான்காவது மனத்தைப் பற்றியது. அதை எந்தக் கோச்சும் கைப்பழக்கமாக்கித் தர முடியாது. உங்கள் ஊர்க் களத்துக்கு முக்கியமானதும் அதுதான் என்பதால் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

கிளப்பில் உங்கள் மகள் இனிப் பார்க்கப்போவது என்ன? போட்டிகளில் துப்பாக்கிக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நாடா செருகியிருப்பார்கள். சேஃப்டி ஃப்ளாக் என்பார்கள். ஏர் ரைஃபிளில் அது குழல் முழுக்க நுழைந்து முனையில் வெளியே தெரிய வேண்டும். குழல் காலி என்பதைத் தூரத்தில் நிற்பவரும் கேள்வி கேட்காமல் தெரிந்துகொள்வதற்கான அடையாளம் அது. பெட்டியைத் திறக்கும்போதே குழல் முனை இலக்குப் பக்கம் இருக்க வேண்டும். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் துப்பாக்கி போகும்போது, கொடுப்பவர் திறந்து காட்டிக் கொடுப்பார். வாங்குபவரும் மறுபடி பார்ப்பார். "நான்தான் பார்த்தேனே, நம்பிக்கை இல்லையா?" என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மறுபடி பார்ப்பதுதான் அங்கே மரியாதை. நம் வீடுகளில் பெரியவர் சொன்னதைச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தை நீங்கள்தான் போக்க வேண்டும். "கோச் கொடுத்தாலும் திறந்து பார், அம்மா" என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

ஏர் ரைஃபிள்தானே என்ற எண்ணமும் வேண்டாம். பத்து மீட்டர் போட்டியில் இலக்கின் நடுப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அந்தப் புள்ளியைத் தொடும் 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டுக்கு ஒரு கண்ணைப் பறிக்கும் வலு உண்டு. .177 அங்குலத்துக்கும் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதனால் அதை விளையாட்டுப் பொருள் என்று நினைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் காக்கையைச் சுடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உரிமம் வேண்டாம் என்று சொன்ன சட்டம் ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. ஈயத்தைத் தொட்ட கையால் எதையும் சாப்பிடக்கூடாது என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். தளத்தைவிட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டிபன் டப்பாவைத் திறக்க வேண்டும்.

மற்ற நாகரிகங்கள் எளியவை. கோட்டில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது. அடுத்தவர் துப்பாக்கியையோ கண்ணாடியையோ கேட்காமல் தொடக்கூடாது. அடுத்தவர் புள்ளியைச் சத்தமாகப் படிக்கக்கூடாது. கூட வரும் அப்பா அம்மா கோட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்வதும் தப்பு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கேமராவை நோக்கித் துப்பாக்கியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள மகளை ஒருநாளும் விடாதீர்கள். கேமராவுக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது.

இனி வில். உங்கள் மலையில் இது வெறும் விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஓர் அம்பு யானையைச் சாய்த்து, புலி, மான், பன்றி என்று ஒவ்வொன்றாக ஊடுருவி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். செம்மேட்டில் விழாவுக்கு வரும் பிள்ளைகள் ஓரியின் வில்லாற்றலாக அதைக் கேட்டு வளர்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். பயிற்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பாட்டில் வேறொன்றும் தெரிந்தது. ஓரி குறிவைத்தது யானையை. அம்பு யானையோடு நிற்கவில்லை. யானைக்குப் பின்னால் நான்கு உயிர்கள் இருந்தன. வேட்டைக்காட்டில் அது வீரம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில், இலக்குக்குப் பின்னால் விறகு சுமந்து வரும் ஒரு பாட்டி இருப்பார். பலாமரத்தடியில் ஆடு மேய்க்கும் ஒரு பையன் இருப்பான்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30 அன்று, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பக்கத்தில் பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. 2022 ஜனவரி 3 அன்று அந்தப் பிள்ளை இறந்துபோனான். தளம் மூடப்பட்டது. அங்கே துப்பாக்கி பிடித்திருந்தவர்கள் சீருடைப் படையினர், பயிற்சி பெற்றவர்கள். சுற்றிலும் குன்றுகளும் உண்டு. அப்படியிருந்தும் அது நடந்தது. .22 ரைஃபிளின் சின்னக் குண்டே தடுக்க ஏதும் இல்லாவிட்டால் ஒரு மைலுக்கு மேல் போகும் என்றால், படைத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அம்பு அவ்வளவு தூரம் போகாது. ஆனால் தைரியம் கொள்ள அது போதாது. 2020 ஜனவரியில் அசாமின் சாபுவாவில், பயிற்சியின்போது வேறொருவர் வில்லிலிருந்து வந்த அம்பு 12 வயது வீராங்கனை ஒருத்தியின் கழுத்தருகே புகுந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுவைச் சிகிச்சையில் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அது முறையான பயிற்சி மையம்.

ஆகவே உங்கள் ஊரில் முதல் வேலை வில் வாங்குவது இல்லை, இடம் பார்ப்பது. பள்ளத்தாக்கை நோக்கி எய்யும்படி களத்தை அமைக்காதீர்கள். பார்வைக்கு அழகாக இருக்கும், காலியாகத் தெரியும். ஆனால் தவறிய அம்பு எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே படிப்படியாக வயலும் வீடும் இருக்கும். மேடேறும் மண்சரிவைப் பார்த்து எய்வதுபோல் அமையுங்கள். பாறைச் சரிவு வேண்டாம். இரும்பு முனை பாறையில் பட்டால் அம்பு உடைந்து எந்தப் பக்கமும் தெறிக்கும். சரிவுக்கு மேலே ஒற்றையடிப் பாதை போகிறதா என்று ஏறிப் போய்ப் பாருங்கள். மலையில் பாதை இல்லாத இடம் குறைவு; ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்த குறுக்குவழிகள்தான் அதிக ஆபத்து. மண்மேடு கிடைக்காவிட்டால் இலக்குக்குப் பின்னால் ஐம்பது மீட்டராவது ஆள் நடமாட்டமில்லாத வெளி வேண்டும். அதோடு தடுப்பு வலையும் கட்டுங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பத்து மீட்டர் தூரமே போதும். ஒலிம்பிக்கில் எழுபது மீட்டர் என்று கேள்விப்பட்டுத் தொடக்கத்திலேயே தூரத்தைக் கூட்டினால் பாதி அம்புகள் புல்லுக்குள்ளும் மிச்சம் மிளகுக் கொடிகளுக்குள்ளும் போகும். இலக்குக்கு வைக்கோல் பிரியை இறுக்கமாகச் சுற்றித் தைத்த வட்டு நன்றாகத் தாங்கும். அதைச் சற்றே பின்னால் சாய்த்து, காற்றில் விழாதபடி முளையடித்துக் கட்டுங்கள்.

தரையில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போடுங்கள். ஒன்று எய்பவர் நிற்பது. ஐந்து மீட்டர் பின்னால் காத்திருப்போர் கோடு. எய்கோட்டில் நிற்கும்போது தவிர வேறெங்கும், அம்பு இல்லாவிட்டாலும், நாணை இழுக்கக்கூடாது. உலகப் போட்டிகளில் விசிலுக்கு ஒரு மொழி இருக்கிறது. அதையே நீங்களும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வரலாம். ஒன்று என்றால் எய்யலாம். மூன்று கேட்டால் எய்வது முடிந்தது, அம்பு எடுக்கப் போகலாம். ஐந்தோ அதற்கு மேலோ விடாமல் ஊதினால் ஆபத்து, நாணைத் தளர்த்து, அம்பை எடு, நில். விசில் ஒரே ஒருவர் கழுத்தில்தான் தொங்க வேண்டும். அவர் அன்று வில்லைத் தொடக்கூடாது. இளைஞர்களுக்கு இதில்தான் ஆசை குறுக்கே வரும், தானும் எய்ய வேண்டும் என்று தோன்றும். முறை வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பு எடுக்கப் போகும்போதுதான் சின்னச் சின்னக் காயங்கள் அதிகம். ஓடக்கூடாது. இலக்கில் தைத்து நிற்கும் அம்பின் வால்முனை சரியாகக் குழந்தையின் கண் உயரத்தில் இருக்கும். ஓடிவந்து தடுக்கி விழுந்தால் போச்சு. ஒருவர் உருவும்போது நேர் பின்னால் இன்னொருவர் நிற்கக்கூடாது. ஒரு கையை இலக்கில் ஊன்றி, மறுகையால் நேராக இழுக்க வேண்டும். இலக்குக்குப் பின்னால் அம்பு தேடப் போனால், வில்லொன்றை இலக்கின்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும் அல்லது ஓர் ஆள் முன்னால் நிற்க வேண்டும், பின்னால் ஆள் இருப்பது கோட்டில் நிற்பவருக்குத் தெரிய வேண்டும். கோட்டைத் தாண்டி விழுந்த அம்பு கைக்கு எட்டாவிட்டால் அதை மறந்துவிட்டு, மூன்று விசில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மூங்கில் வில்லும் மூங்கில் அம்பும் போதும். இந்தியன் ரவுண்டு என்று மூங்கில் வில்லுக்கே தேசிய அளவில் போட்டி நடக்கிறது. ஒவ்வொரு நாளும் எய்வதற்கு முன் அம்பை விரலால் தடவிக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமான அம்பை அங்கேயே ஒடித்துப் போட்டுவிடுங்கள். வைத்திருந்தால் யாராவது எடுத்து எய்துவிடுவார்கள். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்துவிடக்கூடாது, வில் பிளக்கும். குட்டையான அம்பு வேண்டாம். இழுக்கும்போது முனை கைக்குள் வந்துவிடும். கைக்காப்பும் விரல்காப்பும் பழைய தோலில் நீங்களே தைத்துக்கொள்ளலாம். பெண் பிள்ளைகள் கூந்தலை முடிந்து, துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொள்ளட்டும்.

வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி இழுத்துக்கொண்டே இறக்குவதைச் சினிமாவில் பார்த்துப் பிள்ளைகள் செய்வார்கள். அதை முதல் நாளே நிறுத்துங்கள். பாதியில் விரல் நழுவினால் அம்பு தடுப்பையும் மேட்டையும் தாண்டிப் போய்விடும். சர்வதேச விதிகளும் இதைத் தடுக்கின்றன.

உங்கள் மலைக்கு மட்டும் ஒரு விதி சேர்க்கிறேன். பனிமூட்டம். கார்த்திகை, மார்கழியில் இலக்கு தெரியும், அதற்குப் பின்னால் உள்ள சரிவு தெரியாது. பிள்ளைகள், "டார்கெட் தெரியுதே அண்ணா" என்பார்கள். பின்னால் மண் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத நேரத்தில் விசில்காரர் நாணைக் கழற்றச் சொல்லிவிட வேண்டும். போட்டி நாளாக இருந்தாலும், விருந்தினர் வந்து காத்திருந்தாலும் அப்படித்தான்.

நாட்டுத் துப்பாக்கி விஷயத்தில் என் பதில் முடியாது என்பதுதான். உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பதே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதைப் பிள்ளைகள் பழகும் இடத்துக்குக் கொண்டுவந்தால் களமே மூடப்படும், கேஸ் உங்கள் எல்லோர் மேலும் வரும். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், கருமருந்து கிட்டித்துச் சுடும் குழல் எந்த வெடியில் பிளக்கும் என்று செய்தவருக்கே தெரியாது. விசையை இழுத்து வெடிக்கவில்லையே என்று முகத்தருகே தூக்கிப் பார்க்கும்போது வெடிப்பதும் உண்டு. காட்டுப்பன்றித் தொல்லை உண்மை, மறுக்கவில்லை. அதற்கு வனத்துறையிடம் மனுக் கொடுக்க வேண்டும். மலைப்பகுதிகளில் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அவ்வப்போது அறிவிக்கிறது. அந்தச் சமயத்தில் ஊர்ப் பெரியவர்கள் முன்னின்று ஒப்படைக்கச் செய்யுங்கள். வில்லும் வேட்டைக்கு இல்லை என்பதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குண்டுக்கும் அம்புக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை.

மகளை மறுபடியும் கிளப்புக்கு அனுப்புங்கள். போகும்போது நீங்களும் கூடப் போய்ப் பயிற்சியாளரிடம் பணிவாகக் கேளுங்கள்: "தடுத்தது சரி ஐயா, இனி காரணத்தையும் அவளுக்குச் சொல்லிவிடுங்கள்." அட்டை மாற்றப் போனவரையும் அவள் ஒருமுறை பார்த்துப் பேசட்டும்.

ஊர்க் களத்துக்கு அம்பு வாங்குவதற்கு முன், நீங்கள் பார்த்துவைத்திருக்கும் இடத்தில் இலக்கு நிற்கப்போகும் புள்ளிக்குப் பின்னால் ஒரு வாரம், காலையும் மாலையும் யாரையாவது உட்காரவையுங்கள். அந்த வழியே யார் யார் போகிறார்கள், எந்த மாடு மேய்கிறது, சோளக்காட்டுச் சந்தை நாளில் எத்தனை பேர் குறுக்கே வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். அந்த நோட்டைப் பார்த்த பிறகு இடத்தை முடிவு செய்யுங்கள்.